சாக்கு ஜாக்கெட்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஆஞ்சலா நடத்திய பள்ளிக்கூடத்துக்கு மாணவிகள் யாரும் வந்ததில்லை. வந்தால் உட்கார இடமும் இல்லை. முன்னறையில் ஒரு தையல் மெஷின், ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய செல்போன், கரும்பலகைக்குப் பதிலாக அவள் புருஷன் தாஸ் வேலை செய்த கட்டிடத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பெரிய வெள்ளை டைல். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். மாணவிகள் ஏழு பேரும் ஜவ்வாது மலையில், வேங்கைக்காடு என்கிற ஊரில் இருந்தார்கள்.

தொம்மலூரில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு டிரஸ்ட், மலைக்கிராமத்துப் பெண்களுக்குப் போன் வழியாகவே தொழில் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, தமிழில் தையல் பாடம் எடுக்க ஆள் தேடியது. ஆஞ்சலா கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவள். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள், பூர்வீகம் வடஆற்காடு. "மலைக்காரங்க பேசுறதும் உங்க தமிழும் ஒண்ணுதானே" என்று சொல்லி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். யோசிக்காமல் இந்த வார்த்தையைச் சொன்ன புண்ணியவான் யாரென்று தெரிந்திருந்தால், பிற்பாடு தாஸ் தேடிப்போய் மாலை போட்டிருப்பான்.

வேங்கைக்காட்டில் ஊருக்குள் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே தண்ணித் தொட்டி மேட்டில் வரும், அதுவும் மனசு வைத்தால். மலர் என்கிற பெண் தினமும் மேடேறி, ஆஞ்சலா அனுப்பிய பாடத்தைப் போனில் இறக்கிக்கொண்டு வருவாள். பழைய சத்துணவுக் கூடத்தில் ஏழு பேரும் அந்த ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் குரலில் பதிந்து, மறுபடி மேடேறி அனுப்புவார்கள். பாடம் எப்படியோ இறங்கிவிடும், அங்கிருந்து போட்டோ அனுப்ப அந்த சிக்னல் தாங்காது. அதனால் ஆஞ்சலாவுக்கு அவர்களுடைய முகம் எதுவும் தெரியாது. குரல் மட்டும் அத்துப்படி.

அதிலும் மரகதத்தின் குரல். ஏழு பேரில் மூத்தவள். முதல் நாளே நீளமாக ஒரு செய்தி அனுப்பினாள்.

"டீச்சர், எங்க ஊருல ஒரு ஜாக்கெட்டு தெக்கணும்னா கீழ எறங்கி ஒரு நாள் பொழப்பு போவுது. தெக்கறவனும் சொன்ன தேதியில குடுக்கறதில்ல. கல்யாணம் முடிஞ்சி ஜாக்கெட்டு வந்த கதயெல்லாம் இங்க இருக்குது. இப்பதான் ஊருக்குள்ள மிசினு வந்திருக்குது. இது எங்கள விட்டுப் போவக் கூடாது டீச்சர். அத மட்டும் பாத்துக்கோங்க."

கூடத்திலிருந்த ஐந்து மெஷின்களும் ஒரு பெட்டித் துணியும் டிரஸ்ட் அனுப்பியவை. பயிற்சி முடிந்ததும் பரீட்சை. பாஸானால் மெஷின்கள் ஊருக்கே சொந்தம். தவறினால் லாரி வந்து ஏற்றிக்கொண்டு அடுத்த கிராமத்துக்குப் போய்விடும். மரகதத்தின் செய்தியை ஆஞ்சலா சமையலை நிறுத்திவிட்டு மறுபடி மறுபடி கேட்டாள். இந்த அக்காவின் ஊரிலிருந்து மெஷினை யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள் பார்க்கலாம் என்று அவளுக்குள் ஒரு ரோஷம் வந்துவிட்டது.

முதல் பாடம் அளவு எடுப்பது. பொம்மைக்கு எங்கே போவது? ஆஞ்சலா தன் உடம்பிலேயே டேப் வைத்துக் காட்டினாள். தாஸ் போனைப் பிடித்துக்கொண்டான். மார்புச் சுற்றளவு வந்தபோது டேப்பைப் பிடித்திருந்த கட்டைவிரல் மெல்ல நகர்ந்து எண்ணை மறைத்தது. "முப்பத்தாறு" என்று தெளிவாகச் சொன்னாள் ஆஞ்சலா. தாஸ் இருமினான்.

பதிவு முடிந்ததும் கேட்டான். "முப்பத்தெட்டு இல்ல?"

"நீ வாய மூடு."

"பெங்களூர்ல உன்னப் பாக்கறவங்களுக்கெல்லாம் தெரியற விஷயம்தான. மலை மேல இருக்கறவங்களுக்கு மட்டும் இன்னா, தனிக் கணக்கா?"

"பாடத்துக்கு எந்த நம்பர் சொன்னா இன்னா? அவங்க இன்னா எனக்கா தெக்கப் போறாங்க?" என்றாள் ஆஞ்சலா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பாடங்கள் நன்றாகத்தான் போயின. காகிதத்தில் வரைவது, வெட்டுவது, கை வைப்பது, கழுத்துக்குப் பட்டி அடிப்பது. துணியில் வெட்டும் கட்டம் வந்தபிறகு சந்தேகங்கள் கொஞ்சம் தினுசாக வர ஆரம்பித்தன.

"டீச்சர், ஊசி படக்கு படக்குனு ஒடியுது" என்றாள் மலர். மெஷின் புதிது, மிதிக்கத் தெரியாமல் மிதிக்கிறார்கள் என்று நினைத்த ஆஞ்சலா, மொத்தமான ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

"டீச்சர், தெக்க ஒக்காந்தா ஒரே தும்மலு." மலைக்குளிர், பாவம். மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னாள்.

கடைசியில் மரகதம். "தெச்சி முடிச்சிட்டேன் டீச்சர். போட்டும் பாத்தேன். நல்லாத்தான் இருக்குது. ஆனா குத்துது."

"புதுசு இல்லக்கா, அப்பிடித்தான் இருக்கும். போடப் போடப் பழகிடும்" என்று மனதாரத் தைரியம் சொன்னாள் ஆஞ்சலா.

பரீட்சைக்கு முந்தின வாரம் மலர் ரேஷன் கார்டு வேலையாகத் திருப்பத்தூருக்கு இறங்கினாள். அங்கே சிக்னலுக்குக் குறைவா? இத்தனை நாள் போனில் அடைந்து கிடந்த போட்டோக்கள் எல்லாம் மளமளவென்று வகுப்பு குரூப்பில் வந்து விழுந்தன. தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த ஆஞ்சலா கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாகத் திறந்தாள்.

ஏழு ஜாக்கெட்டுகள். ஏழும் சாக்கு. மளிகைக் கடையில் பருப்பு வருமே, அந்தச் சணல் சாக்கு. கழுத்து, கை, கொக்கி, பட்டி எல்லாம் பாடத்தில் சொன்னபடியே கனகச்சிதமாக இருந்தன. அதில் ஒன்றின் முதுகில் நீல மையில் "நிகர எடை 50 கிலோ" என்று அச்சடித்திருந்தது.

அவள் வாயை மூடுவதற்குள் போன் அடித்தது. தொம்மலூர் ஆபீஸிலிருந்து உஷா மேடம், கன்னடக்காரர். பரீட்சை வைத்து மார்க் போடுபவர் அவர்தான். அவரும் அந்த குரூப்பில் இருந்தார்.

"ஏனு ஆஞ்சலா இது? ஜாக்கெட்டா, மூட்டையா?"

"கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்" என்று போனை வைத்துவிட்டு மலரைக் கூப்பிட்டாள். "மலர், நாங்க அனுப்புன துணி இன்னாச்சி? யாராச்சும் எடுத்துனு பூட்டாங்களா?"

"ஐயோ, இல்லீங்க டீச்சர். பொட்டியில பத்திரமா இருக்குது. ஒரு மொழம்கூட வெட்டல."

"பின்ன ஏம்மா சாக்குல தெச்சீங்க?"

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க." மலரின் குரல் இறங்கியது. "ஒவ்வொரு பாடத்துலயும் சொன்னீங்களே, 'சாக்கு, இப்ப வெட்டுங்க'ன்னு. எங்களுக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சி. மரகதக்காதான், டவுனு டீச்சரு வெவரமில்லாம சொல்ல மாட்டாங்க, கஷ்டமானதுல மொதல்ல பழக்குறாங்க போலன்னு சொல்லிச்சி. ஊர்ல இருந்த சாக்கெல்லாம் தீந்துபோச்சி டீச்சர். சாமை கொட்டி வெக்கக்கூட ஒண்ணு இல்ல."

ஆஞ்சலா தன் பாடத்தைத் தானே போட்டுப் பார்த்தாள். அதில் அவள் சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எல்லாரும் வரைஞ்சாச்சா? சாக்கு. இப்ப வெட்டுங்க."

கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். பெங்களூர்த் தமிழர்கள் வாயில் அது எப்போதோ வந்து குடியேறிவிட்டது. சாதம் போடும்போது சாக்கு, ஆட்டோ ஓரங்கட்டும்போது சாக்கு, சண்டையில் தோற்கப் போகும்போதும் சாக்கு. ஆஞ்சலா பேசுவதில் அது கன்னடம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வரைந்தது போதும், வெட்டுங்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். சாக்குப்போக்குச் சொல்லத் தெரியாத அந்தப் பெண்கள் நல்ல துணியைப் பெட்டியில் பூட்டிவிட்டு, வீடு வீடாகச் சாக்குக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் வந்த தண்ணீர் சிரிப்பினால் வந்ததல்ல. ஊசி ஒடிந்து, தும்மித் தும்மி, குத்துகிற ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்து, அப்போதும் டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்திருக்கிறார்கள். அவளைப் பெற்ற அம்மாகூட அவளை இவ்வளவு நம்பியதில்லை.

உஷா மேடத்திடம் பரீட்சையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டாள். விஷயத்தைக் கேட்டு உஷா மேடமும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் தேதியை மாற்றவில்லை.

"ஆகல்ல ஆஞ்சலா. அடுத்த ஊர்லயும் மெஷினுக்காகக் காத்துட்டு இருக்காங்க. அவங்களும் பொம்பளைங்கதானே? அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

ஆஞ்சலா போனை வைத்துவிட்டு, தேதி மாறாது என்று மலருக்குச் சொன்னாள்.

மறுநாள் வேங்கைக்காட்டுப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். மெஷினின் தலையை மட்டும் கழற்றி, கையால் சுற்றுகிற பிடியை மாட்டி, அதைத் தலைச்சுமையாகத் தண்ணித் தொட்டி மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சிக்னல் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்த ஒரு மரக்கிளையில் போனைக் கட்டினார்கள். அந்த வாரம் முழுக்கப் பாடம் நேரடியாகவே நடந்தது. படம் விட்டுவிட்டு வந்தது. வந்தபோதெல்லாம் கிளைக்குக் கீழே மெஷினும் கைகளும் தெரிந்தன. கண்ணாடி வளையல் போட்ட கை மலருடையது. தேள் பச்சை குத்திய கை மரகதத்துடையது. இன்னொரு கைக்கு மருதாணி, இன்னொன்றுக்கு அரிவாள் பட்ட தழும்பு. ஆஞ்சலா கைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "தழும்புக்கை, துணியை இழுக்காதம்மா. அதுவா வரும்."

சாக்கோடு மல்லுக்கட்டிய கைகளுக்குத் துணி விளையாட்டாக இருந்தது. "இன்னா டீச்சர் இது, கை வெக்கறதுக்குள்ள ஓடுது!" என்றாள் மரகதம்.

ஆஞ்சலாவுக்குத்தான் கஷ்டம். வாய்க்கு வாய் சாக்கு வந்து நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டு "போதும்" என்று அவள் சொல்வதற்குள் மேட்டில் சிரிப்பு கிளம்பிவிடும். "அதோ, டீச்சரு முழுங்கிட்டாங்க!" என்று மலர் அறிவிப்பாள்.

பரீட்சை நாளில் ஆஞ்சலா தொம்மலூர் ஆபீஸில் உஷா மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு. எதிரே கம்ப்யூட்டர் திரையில் தண்ணித் தொட்டி மேடு. அன்றைக்குத்தான் ஏழு முகங்களையும் அவள் சேர்த்துப் பார்த்தாள். மரகதம் அவள் நினைத்ததைவிட ஒல்லியாக இருந்தாள், எல்லாருமே ஒல்லிதான். கயிற்றில் ஏழு அரக்கு நிற ஜாக்கெட்டுகள் தொங்கின.

உஷா மேடம் ஒவ்வொன்றையும் திருப்பிக் காட்டச் சொன்னார். தையல், பட்டி, கொக்கி, கைக்குழி. பேனா நிற்காமல் மார்க் போட்டது. ஆஞ்சலாவுக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது.

"சரி, யாராவது போட்டுக் காட்டுங்கம்மா. உடம்புல எப்பிடி நிக்குதுன்னு பாக்கணும். அதுக்குத்தான் பாதி மார்க்."

மரகதம் போட்டுக்கொண்டு வந்தாள். அதற்குள் இன்னொரு மரகதம் நுழையலாம் போல இருந்தது. மலரும் போட்டாள். தோள் வழிந்து கைக்கு வந்தது. உஷா மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது யார் அளவும்மா?"

மேட்டில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மரகதம்தான் பேசினாள்.

"டீச்சரு அளவு மேடம். எங்க ஊருல மொதல்ல அறுக்கற சாமைய நாங்க வாயில வெக்க மாட்டோம். அது குடுத்த சாமிக்கு. இதுவும் மொதல் வெள்ளாமைதான மேடம்? அதான் ஏழு பேரும் டீச்சருக்குன்னே தெச்சோம். மொதப் பாடத்துல அவங்க அளவுதான் எடுத்துக் காட்டுனாங்க."

உஷா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த நொடிதான் ஆஞ்சலாவுக்கு அந்த அளவு நினைவுக்கு வந்தது. முதல் பாடம். முப்பத்தாறு. கல்யாணமான புதிதில்கூட அவள் முப்பத்தாறில் நுழைந்ததில்லை.

"போட்டுப் பாக்காம மார்க் போட முடியாது" என்றார் உஷா மேடம். "ஆனா அளவுக்காரங்க இங்கயே இருக்காங்களே. எல்லாம் ஒரே அளவு. மரகதம் தெச்சதை மட்டும் பஸ்ல அனுப்புங்க. நாளைக்குச் சாயங்காலம் ஆஞ்சலா போட்டுக் காட்டட்டும். அதுவரைக்கும் நான் பேப்பரை மூடல."

மேட்டில் ஒரே ஆரவாரம். மலர் ஜாக்கெட்டைப் பொட்டலமாக்கி எடுத்துக்கொண்டு பால் வண்டியைப் பிடிக்க அப்போதே கிளம்பிவிட்டாள். ஆஞ்சலா வாய் திறக்க வேண்டிய இடம் அதுதான். உஷா மேடத்தின் முன்னால், ஏழு பேரின் முன்னால், நான் பொய்யளவு சொன்னேன் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டைத் தொடவில்லை.

"ஒருவேளை பட்டினி கெடந்தா ரெண்டு இஞ்ச் கொறஞ்சிடுமா?" என்றான் தாஸ். அவள் முகத்தைப் பார்த்ததும் விளையாட்டை விட்டுவிட்டான். "ஓரத்துல துணி விட்டிருப்பாங்க இல்ல? பிரிச்சித் தெச்சிக்கலாம்."

"நான் பிரிச்சித் தெச்சா அது என் வேலை. அவங்க பரீட்சை எப்பிடி ஆவும்?" ஆஞ்சலா அழுதே விட்டாள். "என் வாயாலதான் சாக்குல தெச்சாங்க. இப்ப அதே வாயால மெஷினும் போவப் போவுது. ரெண்டு இஞ்ச் பெருமைக்கு, தாஸ்! மரகதக்கா கேட்டது அந்த மெஷின் ஒண்ணுதான்."

தாஸ் தட்டில் சாதம் போட்டு, பிசைந்து, அவள் கையில் கொடுத்தான்.

மறுநாள் அவனே சாந்திநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கண்டக்டரிடமிருந்து பொட்டலத்தை வாங்கி, நேராகத் தொம்மலூருக்குக் கொண்டுவந்தான். சாக்கு ஜாக்கெட் ஒன்றை வெட்டி, நாலு பக்கமும் மெஷின் தையல் போட்ட பொட்டலம். மேலே நீல மையில் "நிகர எடை 50 கிலோ". ஆஞ்சலா தையலைப் பிரித்து ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவள் மாதிரி பாத்ரூமுக்குள் போனாள்.

கை நுழைந்தது. தோள் உட்கார்ந்தது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு முதல் கொக்கியை மாட்டினாள். மாட்டியது. இரண்டாவது, மூன்றாவது, கடைசிவரை. இழுத்த மூச்சை மெதுவாக விட்டாள். எதுவும் தெறிக்கவில்லை. கையைத் தூக்கினாள், இறக்கினாள். ஊரிலேயே கெட்டிக்கார டெய்லர் நேரில் நிறுத்தி அளவெடுத்துத் தைத்தால்கூட இப்படி வராது.

வெளியே வந்தபோது உஷா மேடம் கம்ப்யூட்டரில் மேட்டைப் பிடித்து வைத்திருந்தார். ஏழு முகங்களும் திரையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. உஷா மேடம் அவளைத் திரும்பச் சொன்னார், குனியச் சொன்னார், தோளில் விரல் விட்டுப் பார்த்தார்.

ஆஞ்சலாவால் பொறுக்க முடியவில்லை. "மரகதக்கா, இன்னா அளவு வெச்சித் தெச்சீங்க?"

"முப்பத்தெட்டு டீச்சர்."

"நான் முப்பத்தாறுன்னுதான சொன்னேன்?"

மேட்டில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மலர் முன்னால் வந்தாள்.

"டீச்சர், கோச்சிக்கக் கூடாது. அந்தச் சாக்கு விஷயம் ஆனப்புறம் உங்க பாடம் எல்லாத்தையும் மொதல்லேர்ந்து மறுபடி பாத்தோம். டீச்சரு வாயி சொல்றத உட்டுடுங்கடி, கை செய்யறதப் பாருங்கடின்னு மரகதக்கா சொல்லிடிச்சி. நிறுத்தி நிறுத்திப் பாத்தோம். ஒரு எடத்துல உங்க கட்டவெரலு கொஞ்சம் நவுந்துது. டேப்புல முப்பத்தெட்டு இருந்துச்சி."

வாசலில் நின்றிருந்த தாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆஞ்சலாவுக்கு முகமெல்லாம் சூடேறியது. மலை மேல் உட்கார்ந்துகொண்டு தன்னை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்களே என்று வெட்கமாகவும் இருந்தது, அவர்களை ஒவ்வொருத்தராகக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

உஷா மேடம் மார்க் போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"இன்னும் எதுனா பாக்கணுமா மேடம்?" என்று கேட்டாள் ஆஞ்சலா.

"சாக்கு, ஆஞ்சலா. சாக்கு."

திரையிலிருந்து மரகதத்தின் குரல் அலறியது. "ஐயோ மேடம், மறுபடியும் சாக்கா? ஊருல ஒண்ணுகூட மிச்சமில்லயே!"

உஷா மேடத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மேட்டிலும் சிரித்தார்கள், மரகதம் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

"போதும்னு சொல்றாங்கக்கா" என்றாள் ஆஞ்சலா. குரல் உடைந்தது, அதை மறைக்க அவள் முயலவும் இல்லை. "லாரி வராது. மிசினு எங்கயும் போவாது."

அந்த ஜாக்கெட்டை அவள் கழற்றவில்லை. அதோடேயே தாஸின் ஸ்கூட்டரில் ஏறி, பிரித்த சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.